எம்டனுடன் ஒரு ஞாயிறு

எங்கள் வீட்டில் ஒரு எம்டன் இருக்கிறது.

இந்த வார்த்தையை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ சினிமாப் பெயர் என்று நினைக்கிறார்கள். சமாசாரம் அதற்கு ரொம்ப முந்தியது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி, எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் சத்தமில்லாமல் மெட்ராஸ் கடலுக்கு வந்தது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. வந்த சுவடு தெரியாமல் இருட்டில் போயே போய்விட்டது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். கப்பல் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் 'அவன் பெரிய எம்டன்டா' என்கிற பேச்சு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வீட்டு எம்டன் என் அப்பா. 1980-ல் துறைமுகத்தில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்து 2017-ல் ரிடையர் ஆனவர். அவர் இருந்தபோதே மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட், சென்னை போர்ட் ட்ரஸ்ட் ஆனது. ஆபீஸ்தான் மாறியது, அப்பா மாறவில்லை. கணக்கில் பத்து பைசா இடித்தால் அந்தப் பத்து பைசாவைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்கு வர மாட்டார். பாக்கெட்டிலிருந்து பத்து பைசாவைப் போட்டு நேர் செய்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பற்றி அவர் உபயோகிக்கும் வார்த்தையை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

அப்பாவும் நானும் ராயபுரத்தில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே பாத்ரூம், ஒரே ஃபேன். ஆனால் ஐந்து வருஷத்துக்கு மேலாக நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் அம்மா மூலமாகத்தான்.

"உன் புள்ளைகிட்ட சொல்லு, மோட்டார் ஓடிட்டே இருக்கு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, நிறுத்தியாச்சு."

இந்தச் சம்பாஷணை நடக்கும்போது மூன்று பேரும் ஒரே ஹாலில்தான் இருப்போம். அம்மா நடுவில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். வாயைத் திறக்கக்கூட மாட்டாள். தபால் அவள் தலைக்கு மேலேயே போய் வந்துவிடும்.

காரணம் நான்தான். பி.காம். முடித்துவிட்டு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பத்து வருஷம் அடுத்தவன் வாங்கிய கடனுக்கு வட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 ஆகஸ்டில் வேலையை விட்டேன். எழுதிப் பிழைக்கலாம் என்று ஞானோதயம்! ஞானம் வந்ததே தவிர தைரியம் வரவில்லை. வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம், தினமும் எட்டரை மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, மெரினா, கன்னிமாரா லைப்ரரி, மறுபடி மெரினா என்று டூட்டி பார்த்துவிட்டு ஆறரைக்குக் களைப்பாக வீடு திரும்புவேன். களைப்பு நடிப்பில்லை சார். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல உடம்பை அலுக்கவைக்கிற உத்தியோகம் வேறு கிடையாது.

அறுபத்தோராம் நாள் என் மொபைல் கிடைக்காமல் அம்மா ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டாள். "அவர் ரிசைன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றார்கள்.

அன்று ராத்திரி அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். "உன் புள்ளைகிட்ட சொல்லு, நாளைலேர்ந்து டிபன் பாக்ஸ் வேணாம்னு" என்றார். அதுதான் முதல் தபால்.

இன்றைக்கும் எழுதித்தான் பிழைக்கிறேன். பெண் வீட்டார் யாராவது விசாரித்தால் அம்மா கூசாமல், "பையன் ப்ரீலான்ஸ்ல இருக்கான்" என்பாள். "அப்படியா, எந்த பிராஞ்ச்?" என்பார்கள். அப்பா எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இந்த லட்சணத்தில்தான் 2025 பிப்ரவரியில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது.

கல்யாணமான புதிதில் எட்டு வருஷம் அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஓடியவர் என்கிற விஷயமே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் 'ஙே' என்று விழித்தேன். அந்த நாளில் துறைமுகத்தில் ஒரு பெரிய அதிகாரி படகு வைத்திருந்தாராம். அது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. அதிகாரி ஏகத்துக்குக் கனம். கூட ஓட்ட ஒல்லியான ஆள் தேவைப்பட்டபோது செக்‌ஷன் செக்‌ஷனாகத் தேடி, 48 கிலோ எடையில் கிடைத்தவர் அப்பா. தராசு நேராக நிற்க வேண்டுமே!

சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-லேயே பாய்மரப் படகு க்ளப் தொடங்கிவிட்டார்கள் என்பது பீச் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஓடுகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குக் கடல் என்றால் சுண்டல், பலூன் சுடுவது, ஜோடியைப் பார்த்துப் பெருமூச்சு. இந்த ஊர்ப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்கே தகுதி பெற்றார். இந்தியாவில் அப்படித் தகுதி பெற்ற முதல் பெண் அவர்தான். அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய விஷ்ணு சரவணன் பிறந்தது எந்த ஊரில் தெரியுமா? வேலூரில்! தண்ணீர் இல்லாத ஆறு என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து ஒருத்தர் கடலுக்குப் போயிருக்கிறார். கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் பிறந்த நான் அதுவரை படகில் ஏறியது முட்டுக்காட்டில் மட்டும்தான். அதிலும் பெடல் போட்.

அந்த அதிகாரி காலமாகிவிட்டார். அவர் மகன், அப்பா ஞாபகமாக ஒரு சின்னப் பந்தயம் வைக்கிறார். அவரோடு ஓட்டிய பழைய ஆட்களையும் கூப்பிடுகிறார். ஒரே நிபந்தனை, படகில் இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

"ஏம்மா அப்பா படகு ஓட்டறதை விட்டாரு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீ பொறந்தே. ஞாயித்துக்கிழமை மண்ணடியில ஒரு இரும்புக் கடைக்குக் கணக்கு எழுதப் போக ஆரம்பிச்சுட்டாரு" என்றாள், வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பாவோடு போக ஆள் வேண்டும். அக்கா ஓசூரில். அம்மாவுக்கு மெரினாவில் காலை நனைத்தாலே தலை சுற்றும். இரண்டு நாள் அப்பா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் தபால் வந்தது.

"உன் புள்ளைகிட்ட கேளு. நீச்சல் மறந்துட்டானான்னு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. மறக்கலைன்னு."

பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமை. துறைமுக கேட்டில், 37 வருஷம் நிமிர்ந்தபடி நுழைந்த மனிதர், ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பாஸுக்காக நின்றார். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைப் பையன், யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டான். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, கடல் பக்கமாகக் கையைக் காட்டினார்.

படகின் ஜாதிப் பெயர் எண்டர்பிரைஸ். 1956-ல் ஜாக் ஹோல்ட் என்கிற இங்கிலீஷ்காரர் வடிவமைத்தது. நீளம் 13 அடி 3 அங்குலம். நீல நிறத்தில் இரண்டு பாய்கள். முதல் இரண்டு படகுகளை ஜனவரிக் குளிரில், ராத்திரியில், இங்கிலீஷ் கால்வாயைத் தாண்ட வைத்துத்தான் விளம்பரம் பண்ணினார்களாம். பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பவர் தலைவர். முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயைப் பார்த்துக்கொண்டு, படகு சாய்ந்தால் எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து, திட்டு வாங்குபவர் உதவியாளர். எனக்கு எந்தப் பதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

13 அடிப் படகில் எனக்கு ஒரு பிரச்னை உறைத்தது. அம்மாவுக்கு இடமில்லை!

கரையை விட்டுப் பத்தடி போனதும் காற்று பாயில் அடித்தது. படகு ஒரு பக்கமாக எழும்பியது. ஐந்து வருஷ மௌனத்தை உடைத்துக்கொண்டு, அப்பா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் நேரடி வாக்கியம் இதுதான்:

"டேய், ஜிப்பை இழுடா!"

நான் பதறிப்போய் குனிந்து என் பேண்ட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அது இல்லடா பிரகஸ்பதி! முன்பாய்! அந்தக் கயிறு!"

சின்னப் பாய்க்கு ஜிப் என்று பெயராம். சொல்லித் தொலைக்க வேண்டாமா? அடுத்தது இன்னொரு கூத்து. படகைத் திருப்புவதற்கு முன்னால் தலைவர், "ரெடி அபௌட்" என்று எச்சரித்துவிட்டு, "லீ ஹோ" என்று கத்துவார். காலமான அதிகாரி சொல்லிக்கொடுத்த பாஷை. எனக்கு 'லீவோ' என்று விழுந்தது. அப்பாவாவது, லீவாவது என்று நிமிர்ந்தேன். பெரிய பாயின் அடியில் இருக்கிற கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் வழியில் என் தலை இருந்தது. அந்தக் கட்டைக்குப் பெயர் 'பூம்'. பெயர்க்காரணம் விளங்கிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுக்கானைப் பிடித்ததும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். மாடிப்படி ஏற முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவர், இங்கே பூம் வரும்போது பூனை மாதிரி குனிந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். எட்டணா எடை கூடச் சிந்தாமல். எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் இப்படியும் அப்படியுமாகத்தான் போக முடியும் என்பதை எனக்கு அவர் விளக்கிய விதம்:

"எங்க செக்‌ஷன்ல பைல் நகருமே, அந்த மாதிரி. நேரா ஆபீசர் டேபிளுக்குப் போகாது. லெஃப்ட்ல ஒரு சூப்பிரண்டெண்ட், ரைட்ல ஒரு சூப்பிரண்டெண்ட். அங்கங்க தட்டித் தட்டி மேல போகும்."

கப்பல் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்வார்களா, சந்தேகம்தான்.

பந்தய நாள். ஒன்பது படகுகள். மோட்டார் படகில் கட்டி இழுத்து துறைமுகத்துக்கு வெளியே, கப்பல் போகிற வழியை விட்டு ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் விட்டார்கள். கரையில் ஐகோர்ட் குவிமாடம் சின்னதாகத் தெரிந்தது. மெரினாவில் 1977-ல் இப்போதைய கலங்கரை விளக்கம் வரும்வரை அந்தக் குவிமாடத்தின் மேல்தான் விளக்கு எரிந்ததாம், அப்பா சொன்னார். இதே மாதிரி ஓர் இடத்தில் நின்றுகொண்டுதானே எம்டனும் குண்டு போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் வலப் பக்கம் ஒரு கணவன், மனைவி. "அந்தக் கயித்தை விடுங்க!" "எந்தக் கயித்தை?" "நேத்து ராத்திரி பூரா சொன்னேனே, அந்தக் கயித்தை!" பாவம், வங்காள விரிகுடா முழுக்கக் கேட்டது. இடப் பக்கம் ஓர் அப்பாவும் மகளும். மகள் எட்டாங்கிளாஸ் இருப்பாள். சுக்கான் அவள் கையில். அப்பா முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது.

இந்தப் பந்தயத்தில் 'ரெடி, ஸ்டெடி, கோ' எல்லாம் இல்லை. படகை நிறுத்தி வைக்க முடியாதே! ஐந்து நிமிஷம் முன்னால் கொடி ஏற்றி ஹாரன் அடிப்பார்கள். நாலு நிமிஷத்தில் இன்னொரு கொடி. ஒரு நிமிஷம் இருக்கும்போது அது இறங்கும். அதுவரை ஒன்பது படகும் கோட்டுக்கு இந்தப் பக்கம், கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிறவர்கள் மாதிரி சும்மா உலாத்துவதாகப் பாவனை பண்ண வேண்டும். அப்பா தன் எச்.எம்.டி. வாட்சை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டியிருந்தார். "பத்து... ஒம்போது..." என்று அவர் எண்ணி முடிக்கவும் ஹாரன் அடிக்கவும் நாங்கள் கோட்டைத் தாண்டவும் சரியாக இருந்தது. ட்ரயல் பேலன்ஸ் மாதிரி அப்படியே டாலி ஆனது.

இன்னொரு ஆச்சரியம் பாக்கி இருந்தது. எங்களுக்குக் குறுக்கே ஒரு படகு வந்தது. காற்றை வலப் பக்கம் வாங்கி ஓடுகிற படகுக்கு, இடப் பக்கம் வாங்கி ஓடுகிற படகு வழிவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் எங்கள் பக்கம்.

"ஸ்டார்போர்டு!"

யார் கத்தியது என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா! வீட்டுக்கு கேஸ் லேட்டாக வந்தால்கூட, "பரவால்லப்பா" என்று சொல்லி அனுப்புகிற அந்த மனிதர்! எதிர்ப் படகு அலறியடித்துக்கொண்டு திரும்பியது. அப்பா ஒன்றும் நடக்காதது போலக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மிதவையில் நாங்கள் ஐந்தாவது. இரண்டாவதில் நாலாவது. மூன்றாவது மிதவையைச் சுற்றும்போதுதான் அது நடந்தது.

காற்று அப்போது ஒன்றும் பெரிதாக இல்லை. உற்சாகம்தான் பெரிதாக இருந்தது. காலைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, முதுகைக் கடலுக்கு மேல் தொங்கவிட்டு, போட்டோவில் வருகிற வீரர்கள் மாதிரி மல்லாந்தேன். அப்பா மறுபக்கம் ஒட்டிக்கொண்டு வந்த கணவன், மனைவி படகைப் பாய்க்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் முதுகில் ஏதோ ஒன்று, நனைந்த தலையணை மாதிரி, 'தொப்'பென்று உரசிவிட்டுப் போனது.

மிதவை!

மிதவையைத் தொடக் கூடாது. படகு தொட்டாலும் தப்பு, படகில் இருப்பவன் முதுகு தொட்டாலும் தப்பு. தொட்டால் உடனே ஒதுங்கிப் போய், படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே ஓட வேண்டும். நடுவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதில்லை, தொட்டவனே சுற்ற வேண்டும். அப்பா முதல் சனிக்கிழமையே சொல்லிக்கொடுத்த பாடம்.

சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. அந்தத் திருப்பத்தில் கணவன், மனைவி படகை முந்திவிட்டோம்.

"மூணாவது!" என்றார் அப்பா. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் செட்டு இல்லாத சிரிப்பு. பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

நீங்களாக இருந்தால் அப்போது சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை.

ஐந்து நிமிஷம் ஓடியிருப்போம். காற்று நின்றுவிட்டது.

காலையில் அடிக்கிற காற்று செத்து, மத்தியானக் கடல்காற்று பிறப்பதற்கு நடுவில் இப்படி ஓர் இடைவெளி வருமாம். ஒன்பது படகும் அங்கங்கே சுவரில் ஒட்டின பல்லி மாதிரி நின்றன. பாய்கள் துவண்டு தொங்கின. தலைக்கு மேல் வெயில். லைஃப் ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. இறங்கிப் போக முடியாது, செல்போன் கரையில். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் மூன்றடி.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். அப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். அதுதான் தாங்கவில்லை.

"அப்பா."

"ம்."

"மிதவை என் முதுகுல பட்டுடுச்சுப்பா."

முணுமுணுப்பு நின்றது. "எப்போ?"

"மூணாவதுல. நீங்க அந்தப் பக்கம் பாத்துட்டிருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா. ஒரு சுத்தோட போயிருக்கும்."

"இப்ப சுத்தினா?"

"இப்ப செல்லாது. அது உடனே செய்யணும். லேட்டானா வெளியே வந்துட வேண்டியதுதான்."

அவ்வளவுதான். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை. நான் படகின் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து வருஷம் போச்சு என்று நினைத்தேன்.

"உழைப்பாளர் சிலைக்குக் கீழ உக்காந்திருந்தே" என்றார் அப்பா திடீரென்று.

"எப்போ?"

"2019-ல. செப்டம்பர். திருவல்லிக்கேணி கோயிலுக்குப் போயிட்டு பஸ்ல வந்துட்டிருந்தேன். பதினொண்ணரை மணி. நாலு பேர் பாறையைத் தள்ளிட்டிருக்கான், நீ கீழ உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறந்து தயிர் சாதம் சாப்பிட்டிட்டிருந்தே. ஆபீஸ் சட்டை."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா போன் போட்டது அக்டோபரில்.

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். தினமும் ராத்திரி சாப்பிடறப்போ பாப்பேன். இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்..." சுக்கானைச் சும்மா இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அன்னைக்கு பஸ் அங்க நின்னுதுடா. நான் எறங்கியிருக்கணும். எறங்கலை."

இதற்கு என்ன பதில் சொல்வது? எந்த கம்பெனிக்கு வேண்டுமானாலும் வளவளவென்று விளம்பரம் எழுதித் தருகிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "தயிர் சாதம் இல்லப்பா, லெமன் சாதம்" என்றேன்.

"தூரத்துலேர்ந்து வெள்ளையாத் தெரிஞ்சுது."

"அது டிபன் பாக்ஸ் மூடி."

"ஓஹோ" என்றார் அப்பா. பதிவேட்டில் ஒரு திருத்தம் போட்டுக்கொண்ட மாதிரி.

அப்போதுதான் கிழக்கே கடலின் மேல் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. கோடு அகலமாகிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காத்து வருது. ஜிப்பை இழு." இந்தத் தடவை நான் குனிந்து பார்க்கவில்லை.

"அதான் வெளியே வந்துட்டோமேப்பா?"

"கரைக்குப் போகணும்ல? போற போக்குல ஓட்டுவோம். யாருக்கும் இடைஞ்சல் பண்ணாம."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அடுத்த அரை மணி நேரம் அந்த மனிதர் படகு ஓட்டிய விதத்தை! மற்ற எட்டுப் பேரையும் விட்டு நன்றாக ஒதுங்கி, வெளிப்பக்கமாக, தனியாக, யாரும் எண்ணாத ஒரு பந்தயத்தில் ஓடினார். படகு விளிம்பில் தண்ணீர் சீறியது. எனக்குக் கை எரிந்தது. கயிறு பிடித்துப் பழகாத கை, கொப்புளம் வெடித்து உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று தட்டச்சு அடிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரியாது. கணவன், மனைவி படகு பின்னால் போனது. இரண்டாவதாக ஓடிய படகும் பின்னால் போனது. எட்டாங்கிளாஸ் பெண் மட்டும் முன்னால் இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்து, தன் அப்பாவை இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

முடிவுக் கோட்டில் நடுவர் படகிலிருந்து கையசைத்தார்கள். "இந்தப் பக்கம் சார்! கோடு இந்தப் பக்கம்!" அப்பா பதிலுக்கு மரியாதையாகக் கையை உயர்த்திவிட்டு, கோட்டுக்கு வெளியே நாலு படகு தூரம் தள்ளி, நேராகக் கரையைப் பார்த்துப் போய்விட்டார்.

இந்த விளையாட்டில் மார்க் போடுகிற விதம் ஒரு பி.காம். பட்டதாரிக்கு உடனே பிடித்துப்போகும். முதலில் வந்தவருக்கு 1 பாயிண்ட், இரண்டாவதற்கு 2. குறைவாக வைத்திருப்பவர் ஜெயித்தவர். கடன் கணக்கு மாதிரி. விலகிக்கொண்டவருக்கு, மொத்தப் படகுகளைவிட ஒன்று அதிகம். எங்களுக்கு 10. கடைசியாக வந்தவருக்குக்கூட அதைவிடக் குறைச்சல்.

அதிகாரியின் மகன் ஓடி வந்தார். "என்ன அங்கிள், செகண்ட் வந்திருப்பீங்களே, ஏன்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். "மிதவையில பட்டுடுச்சு. பையன் சொன்னான்." சொல்லிவிட்டு, நீட்டிய தாளில், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கையெழுத்தில், 'விலகல்' என்று எழுதி, தேதி போட்டு, நேரமும் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

எட்டாங்கிளாஸ் பெண் கப்பை வாங்கிக்கொண்டு போனாள். அவள் அப்பா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேர் முகமும் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வெண்டைக்காய்.

"என்ன ஆச்சு, ஜெயிச்சீங்களா?"

"உன் புள்ளையைக் கேளு" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"உன் வீட்டுக்காரரைக் கேளு" என்றேன் நான்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "காலையிலேர்ந்து ஒரே படகுல உக்காந்துட்டு வந்து மறுபடி என்கிட்டயா? ஆளை விடுங்கப்பா. எனக்கும் ரிடையர் ஆற வயசுதான்."

அப்பா பதில் சொல்லாமல் குளிக்கப் போனார். நான் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் கதவு கால்வாசி திறந்தது.

"டேய், மோட்டார் ஓடிட்டே இருக்கு பாரு."

போய் நிறுத்தினேன்.